வைட்டமின் டி குறைந்தால் முட்டுத் தேய்மானம் கூடுமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 58, ஊர் தக்கலை. இரண்டு முட்டிலும் தேய்மானம், எக்ஸ்ரேயில் கிரேடு 2. வைட்டமின் டி 11 என்று வந்திருக்கிறது. டி-யை ஏற்றினால் முட்டு சரியாகிவிடுமா?

தேய்ந்த ஜவ்வு டி மருந்தால் வளராது. அதற்காக 11-ஐ அப்படியே விட்டுவிடவும் கூடாது.

டி குறைவாக இருப்பவர்களுக்கு முட்டுத் தேய்மானம் வேகமாகக் கூடுகிறது என்று 1996-இல் அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வில் வந்தது. அதன்பிறகு மருந்தைக் கொடுத்தே பார்த்தார்கள். 2013-இல் அமெரிக்காவில் 146 பேரை வைத்து ஓர் ஆய்வு. 2016-இல் ஆஸ்திரேலியாவில், டி குறைவாக இருந்த 413 பேரைத் தேர்ந்தெடுத்து, பாதிப்பேருக்கு மாதம் 50,000 யூனிட். இரண்டும் 2 ஆண்டு நடந்தன. ரத்தத்தில் டி ஏறியது. ஜவ்வு தேய்வது நிற்கவில்லை, வலியிலும் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லை. பின்னே முதல் ஆய்வில் இரண்டும் ஏன் சேர்ந்து வந்தன? முட்டு வலிக்கிறவர் முற்றத்தில் இறங்கமாட்டார், வெயில் படாது, எடை ஏறும், உடம்பில் இருக்கிற டி-யும் கொழுப்பில் போய் ஒதுங்கிவிடும். அதாவது வலியே டி-யைக் குறைத்திருக்கலாம்.

ஆனால் 11 என்ற அளவு வேறு இரண்டு வேலை செய்யும். தொடைத் தசை பலமிழக்கும். எலும்பு மென்மையாகி எலும்பே வலிக்கும். எக்ஸ்ரேயில் கிரேடு 2, அதாவது லேசான தேய்மானம் மட்டும் இருக்க, படியேற முடியாத அளவு வலி என்றால் இதைச் சந்தேகிக்க வேண்டும். முட்டுக்குக் கீழே காலின் முன்பக்க எலும்பைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். அங்கேயும் ‘அய்யோ’ என்றால் வலி மூட்டில் மட்டும் இல்லை. மருத்துவரிடம் கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்படேஸ், கிரியேட்டினின் நான்கும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ‘டி பவுடர் குடிச்சதும் முட்டுவலி போச்சு’ என்று சொல்கிறவர்களுக்குப் போனது இந்த எலும்பு வலியாக இருக்கலாம்.

ரிப்போர்ட்டையும் ஒருமுறை சரிபாருங்கள். பார்க்க வேண்டியது 25 ஹைட்ராக்சி வைட்டமின் டி. நம்மூர் லேபில் நானோகிராம் கணக்கு: 20-க்குக் கீழே குறைவு, 30-க்கு மேல் போதும். வளைகுடாவில் மகன் வீட்டில் இருந்தபோது எடுத்த ரிப்போர்ட் என்றால் பெரும்பாலும் நானோமோல் இருக்கும், 2.5-ஆல் வகுக்க வேண்டும். அங்கே 50 என்பது இங்கே 20. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால், சில மெஷின்களில் டி பொய்யாக உயர்ந்து காட்டும். மருத்துவரைக் கேட்டுச் சில நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள். எக்ஸ்ரே நின்றபடி எடுத்ததா என்றும் கேளுங்கள். படுக்கவைத்து எடுத்தால் மூட்டு இடைவெளி உண்மையில் இருப்பதைவிட அகலமாகத் தெரியும், தேய்மானம் குறைவு என்று ஏமாறுவோம்.

மருந்து வழக்கமாக 60,000 யூனிட் பவுடர் பாக்கெட், வாரம் ஒன்று, 8 வாரம். அப்புறம் எவ்வளவு என்பது மருத்துவர் முடிவு. கொழுப்பில் கரைகிற சத்து, ஆகவே வெறும் வயிற்றில் வேண்டாம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாலில் கலக்கிக் கொடுக்கலாம். பிழை நடப்பது இங்கேதான்: மற்ற மாத்திரைகளோடு சேர்த்து இதையும் தினம் ஒன்றாகக் குடித்துவிடுவார்கள். கால்சியம் ஏறி, வாந்தி, தீராத தாகம், மலச்சிக்கல், புத்தி தடுமாற்றம், கடைசியில் சிறுநீரகம் வரை போகும். ‘ஞாயிறு மட்டும்’ என்று பாக்கெட்டிலேயே பேனாவால் எழுதிவையுங்கள். சிறுநீரகக் கல் வந்தவர் என்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கால்சியம் மாத்திரையில் கால்சிட்ரியால் (டி-யின் செயல்படும் வடிவம்) இருக்கிறதே, அது போதாதா என்று நினைக்காதீர்கள். அது இந்த 11-ஐ ஏற்றாது.

வெயிலைப் பொறுத்தவரை குமரி மாவட்டம் 8 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. மழை மூடாத நாளில் வருஷம் முழுக்க போதுமான வெயில் உண்டு. ஆனால் கடற்கரையில் சூரியோதயம் பார்க்கும் வெயில் டி தராது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழ வேண்டும். விடியுமுன் ரப்பர் பால் வெட்டி, மர நிழலிலேயே வேலை முடிக்கிறவருக்கும், அண்டி (முந்திரி) ஆலைக்குள் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கும் டி குறைவதில் ஆச்சரியமில்லை. துணி காயப்போடுவதை 11 மணிக்கு மாற்றினால் முகம், கைகளில் 20, 30 நிமிஷம் வெயில் படும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் கணக்கில் வராது. சாளை (மத்தி), அயிலை (கானாங்கெளுத்தி) மீன்கள் நல்லது, தாராளமாகச் சாப்பிடட்டும். 11-ஐ மீனால் மட்டும் தூக்க முடியாது.

பாதம் எரிச்சல், மரத்துப்போதல் இருந்தால் பி12 பாருங்கள், குறிப்பாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள். அது நரம்பு விஷயம், தேய்மானம் இல்லை.

முட்டுக்கு நிஜமாக உதவுவது தொடைத் தசை. காலை நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துண்டை முட்டுக்கு அடியில் வைத்து, அதைக் கீழே அழுத்தி 5 எண்ணும்வரை பிடித்து விட வேண்டும். ஒரு காலுக்கு 10 முறை, காலையும் மாலையும். மூச்சை அடக்கக் கூடாது. எடை 1 கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முட்டின்மேல் சுமார் 4 கிலோ பாரம் குறையும். குத்தவைத்து மீன் வெட்டுவதை நிறுத்தி, மேடையில் வைத்து வெட்டட்டும். கம்பு பிடித்தால் வலிக்கிற காலுக்கு எதிர்க்கையில்.

3 மாதம் கழித்து டி-யைத் திரும்பப் பார்ப்பீர்கள். அதற்கு முன் இன்றைக்கே, அம்மா மார்பில் கைகளைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்காருகிறார் என்று எண்ணி, ரிப்போர்ட்டின் பின்பக்கம் தேதியோடு எழுதிவையுங்கள். அடுத்த முறை இரண்டு எண்ணையும் சேர்த்தே மருத்துவரிடம் காட்டுங்கள்.