லாரித் தண்ணீர் எங்கே போகிறது?

கேள்வி: மேடவாக்கத்தில் 1,000 சதுர அடியில் வீடு கட்டுகிறோம். மேஸ்திரிக்குக் கூலி மட்டும். பொருளெல்லாம் நாங்கள் வாங்கித் தருகிறோம். போர் தண்ணீர் உப்பு என்பதால் லாரித் தண்ணீர்தான். தளம் போட்டதிலிருந்து கான்கிரீட்டை நனைத்து வைக்க (க்யூரிங்) இரண்டு நாளுக்கு ஒரு 12,000 லிட்டர் லாரி ஆகிறது. கம்பித் துண்டும் உடைந்த செங்கல்லும் வேறு குவிகின்றன. ஒரு முறை அடித்தால் தண்ணீரே ஊற்ற வேண்டாம் என்று கடையில் க்யூரிங் காம்பவுண்டு காட்டுகிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கான்கிரீட்டின் மேல் படலமாகப் படிந்து உள்ளே இருக்கும் ஈரத்தைக் காப்பதுதான் அதன் வேலை. ரோட்டுக்குச் சரி. ஆனால் மெழுகு வகையை வீட்டுத் தூணில் அடித்துவிட்டால் பிறகு பூச்சு சரியாகப் பிடிக்காது, சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். அந்தக் காசுக்குப் பழைய சாக்கு வாங்குங்கள். தூணைச் சுற்றிச் சாக்கைக் கட்டி நனைத்தால் ஈரம் நிற்கும். வெறும் தூணில் ஹோஸால் அடிக்கிற தண்ணீர் தரைக்குத்தான் போகிறது.

இப்போது லாரிக் கணக்கு. உங்கள் தளம் முழுக்கப் பாத்தி கட்டி 2 அங்குலம் தண்ணீர் நிறுத்த சுமார் 4,700 லிட்டர் போதும். அப்புறம் வெயிலில் வற்றுவதை ஈடுகட்டினால் சரி. இரண்டு நாளில் 12,000 லிட்டர் என்றால் பாத்தி ஒழுகுகிறது, இல்லையென்றால் ஹோஸ் திறந்தே கிடக்கிறது. காலையில் வேலை தொடங்குமுன் வீட்டைச் சுற்றி வந்து, தளத்தின் விளிம்பிலிருந்து ஈரக்கோடு எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். அதற்கு நேர் மேலே வரப்பில் விரிசல் இருக்கும்.

மிச்சம் பிடிக்கிறோம் என்று நனைக்கிற நாள்களைக் குறைத்துவிடாதீர்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-இன்படி சாதாரண சிமென்டுக்கு (ஓபிசி) குறைந்தது 7 நாள், நிலக்கரிச் சாம்பல் போன்றவை கலந்த பிபிசி என்றால் 10 நாள். எந்த வகை என்று மூட்டையிலேயே போட்டிருக்கும்.

கம்பிக்கும் செங்கல்லுக்கும் காரணம் ஒன்றுதான்: பொருள் உங்களுடையது, வீணானால் மேஸ்திரிக்கு நஷ்டம் இல்லை. கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. வெட்டுவதற்கு முன்பே கட்டிங் லிஸ்ட் கேளுங்கள். எந்தத் துண்டு லின்டலுக்கு (கதவு, ஜன்னல் மேல் வரும் விட்டம்), எது ரிங்குக்கு (கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) என்று அதிலேயே தெரிந்துவிடும். மீந்ததைப் பழைய இரும்புக் கடையில் போட்டால் வாங்கின விலையில் கொஞ்சம்தான் திரும்பும். உடைந்த செங்கல்லைக் காசு கொடுத்து அள்ளச் சொல்லாதீர்கள். மொட்டை மாடியில் சுண்ணாம்புத் தளம் போடுவதாக இருந்தால் செங்கல் ஜல்லிக்கு அதுவே ஆகும்.

கடைசியாக, போர் தண்ணீர் உப்பு என்று யார் சொன்னது? வாயில் வைத்துப் பார்த்த கணக்கா? லேபில் கொடுத்துப் பாருங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை அதே ஐ.எஸ். 456 விதி அனுமதிக்கிறது. மற்ற அளவுகளும் வரம்புக்குள் இருந்தால் லாரியையே நிறுத்திவிடலாம்.