பிசாசைச் சுடுகிற கேம்: மகனை விளையாட விடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. வாலிபர் கூட்டத்துக்குத் தவறாமல் போகிறவன். 2016இல் வந்த டூம் கேமை நண்பர்கள் எல்லாரும் விளையாடுகிறார்கள், எனக்கும் வாங்கித் தாருங்கள் என்று நச்சரிக்கிறான். பார்த்தால் நரகம், பிசாசுகள், ஐந்துமுனை நட்சத்திரம், எங்கும் ரத்தம். "பிசாசைத்தானே சுடுறேன், அதுல என்னம்மா தப்பு?" என்கிறான். இப்படிப்பட்ட கேம் அசுத்த ஆவிகளுக்கு வாசல் திறந்துவிடும் என்கிறார் சபையில் ஒரு மூத்த சகோதரி. கணவரோ, வெறும் விளையாட்டுதானே, விடு என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?

பதில்: சகோதரி, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த கேம் இப்போது வேண்டாம். ஆனால் பிசாசின் குறி என்று பலர் பயப்படும் அந்த நட்சத்திரம் அதற்குக் காரணமில்லை.

ஆவி பயத்தை முதலில் பார்ப்போம். உபாகமம் 18:10-12 விலக்கச் சொல்பவை எல்லாமே செயல்கள்: குறிசொல்வது, நாள்பார்ப்பது, சூனியம் வைப்பது, செத்தவர்களிடம் குறிகேட்பது. திரையில் பிசாசின் படத்தைப் பார்ப்பது அந்தப் பட்டியலில் இல்லை. எந்தோரில் அஞ்சனம் பார்க்கிறவளைத் தேடி, செத்தவரிடம் குறிகேட்க சவுல் ராஜா போன கதையை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கே நாம் சொல்லிக்கொடுக்கிறோம்; சொல்வதால் அதைச் செய்ததாகிவிடாது. விக்கிரகம் ஒன்றுமில்லை என்று பவுல் எழுதியது (1 கொரிந்தியர் 8:4) கணினியில் வரைந்த கொம்புக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம். இதை ஏற்காத நல்ல போதகர்களும் உண்டு.

பிசாசு திரையில் இருக்கிறதா என்பதைவிட, விளையாடுகிறவன் அங்கே யாராக நிற்கிறான் என்று பாருங்கள். டூம் கதையில் நரகத்தின் சக்தியை எடுத்து வியாபாரம் செய்வது ஒரு நிறுவனம். நரகத்தைத் தொழுகிறவர்கள் அதன் ஆட்கள். வீரன் அவர்களுக்கு எதிரி. அந்த அளவில் உங்கள் மகன் சொல்வது நியாயம்தான். 2015இல் வந்த இன்னொரு சுடுகிற கேமான கால் ஆஃப் டியூட்டி: பிளாக் ஆப்ஸ் 3இல் 'ஷேடோஸ் ஆஃப் ஈவில்' என்று ஒரு ஸோம்பி பகுதி இருக்கிறது. அங்கே கதை நகர வேண்டுமென்றால் பலிச்சடங்கை விளையாடுகிறவனே நடத்த வேண்டும். அதுவும் கற்பனைதான். ஆனாலும் சடங்கை எதிர்த்து நிற்பதும் பலனுக்காகத் தானே செய்வதும் ஒன்றல்ல. என் வீட்டுப் பிள்ளைக்கு இரண்டாவதை நான் தரமாட்டேன்.

பிசாசை மட்டும் தேடுகிறவர்கள் தவறவிடுவதும் ஒன்று உண்டு. அதே கால் ஆஃப் டியூட்டி வரிசையில் 2009இல் வந்த மாடர்ன் வார்ஃபேர் 2இல் விமான நிலையத்தில் நிற்கும் அப்பாவிப் பயணிகளைப் பயங்கரவாதிகள் சுட்டுத் தள்ளும் ஒரு கட்டம் வருகிறது. ஆட்டக்காரரும் அந்தக் கும்பலில் ஒருவராக நடக்கிறார். வேண்டாமென்றால் அந்தக் கட்டத்தைத் தாண்டிப்போகலாம் என்று கேமே சொல்லிவிடுகிறது. அதில் கொம்பு இல்லை, நட்சத்திரம் இல்லை. நீங்கள் தேடுகிற எதுவுமே கண்ணில் படாது.

சரி, டூம் ஏன் வேண்டாம்? அதன் சண்டை நடக்கிற விதத்தைப் பாருங்கள். சுட்டதும் பிசாசு தள்ளாடி நிற்கும், உடம்பு நீலமாக மின்னும். பக்கத்தில் போனால் ஆரஞ்சு நிறமாக மாறும். அந்த நேரம் பட்டனை அழுத்தினால் வீரன் வெறுங்கையால் அதைக் கிழிப்பான், ஒடிப்பான், மிதித்து நசுக்குவான். அந்த உடம்பிலிருந்து ஹெல்த், அதாவது வீரனின் உயிரைக் கூட்டும் பொருள்கள், சிதறும். பொறுக்கிக்கொண்டால் இவன் தேறிவிடுவான். அதாவது உயிர் குறையக் குறைய, எதிரியைக் கையால் பிய்க்கப் போக வேண்டும். மிகத் திறமையாகச் செய்யப்பட்ட கேம் என்பதால் அந்தச் சுவை சீக்கிரமே பிடித்துவிடும்.

வேதத்திலும் வன்முறை இருக்கிறதே என்று அவன் கேட்பான். கேட்கட்டும், நல்ல கேள்வி. யாகேல் என்ற பெண் எதிரிப் படைத்தலைவன் சிசெராவின் நெற்றியில் முளையடித்ததை நியாயாதிபதிகள் புத்தகம் மறைக்கவில்லை. ஆனால் சங்கீதம் 11:5 கர்த்தர் வெறுப்பதாகச் சொல்வது "கொடுமையில் பிரியமுள்ளவனை". பிரியம்தான் அங்கே பிரச்சினை. பழங்காலத் திருச்சபைத் தலைவர் அகஸ்தீன் தம் நண்பர் அலிப்பியுஸைப் பற்றி எழுதியிருக்கிறார். ரோமில் கூட்டாளிகள் அவரை வாள்வீரர் சண்டைக்கு இழுத்துப்போனார்கள். பார்க்கவே மாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். கூட்டம் கத்திய சத்தத்தில் கண்ணைத் திறந்தார். ரத்தத்தைப் பார்த்ததும் திருப்ப முடியவில்லை. பிறகு மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவராகவே ஆகிவிட்டார்.

அதற்காக, கேம் விளையாடினால் கொலைகாரன் ஆகிவிடுவான் என்று மிரட்டாதீர்கள். அப்படிச் சொல்ல ஆதாரம் போதாது என்று அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் தெளிவாக்கியது. கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்தோடு சிறிய தொடர்பு இருப்பதாக மட்டும் சொன்னது. இல்லாத பயத்தைக் காட்டினால், நீங்கள் சொல்லும் உண்மையான காரணத்தையும் அவன் நம்பமாட்டான்.

வயது விஷயத்தில் பெரிய யோசனை தேவையில்லை. கேம்களுக்கு வயது வரம்பு குறிக்கும் அமைப்புகளில் அமெரிக்காவின் இஎஸ்ஆர்பி இந்த கேமுக்கு 17 வயதும், ஐரோப்பாவின் பெகி 18 வயதும் குறித்திருக்கின்றன. சபையைச் சேராதவர்களே அப்படிச் சொல்லும்போது நாம் 14 வயதில் தருவதற்கு என்ன காரணம் காட்டுவது?

இனி எந்த கேமைக் கேட்டாலும் இஎஸ்ஆர்பி தளத்தில் அதன் உள்ளடக்கக் குறிப்பைப் படியுங்கள். அவனையே வாசித்துக் காட்டச் சொன்னால் இன்னும் நல்லது. யாராவது விளையாடும் வீடியோவை அரை மணி நேரம் பாருங்கள். டிரெய்லரை நம்ப வேண்டாம். பல ஷூட்டர்களில் ரத்தத்தைக் குறைக்கும் வசதி செட்டிங்ஸில் இருக்கிறது. சுடுகிற விளையாட்டுதான் வேண்டுமென்றால் நின்டெண்டோவின் ஸ்பிளட்டூனில் குண்டுக்குப் பதில் மை. வயது 10க்கு மேல். அவன் உதட்டைப் பிதுக்கலாம், ஆனால் விளையாடிப் பார்த்தால் லேசான கேம் இல்லை. மல்டிபிளேயர் என்றால் ஹெட்செட்டில் யார் என்ன பேசுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். பிசாசுப் படத்தைவிட அந்த வசவுகள்தான் வீட்டுக்குள் சீக்கிரம் வந்துவிடுகின்றன.

நிஜமான சடங்குகளையும் மந்திரங்களையும் அவன் இணையத்தில் தேட ஆரம்பித்தால் அது வேறு விஷயம். அப்போது போதகரிடம் பேசுங்கள்.

அந்த மூத்த சகோதரியோடு வாதாட வேண்டாம். சூனியத்திலிருந்து விடுபட்டு வந்தவர்களுக்கு அந்தக் குறிகள் வெறும் படமாகத் தெரிவதில்லை. அப்படிப்பட்டவர் வீட்டுக்கு வரும்போது திரையை அணைத்து வைப்பது, மற்றவரின் மனசாட்சிக்கு இடறலாக இருக்காதே என்று ரோமர் 14 கேட்கிற மரியாதை. கணவரிடம் நான் மேலே சொன்ன நீல, ஆரஞ்சுக் காட்சியைச் சேர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். மகனிடம் நீங்கள் இருவரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும்: இப்போது இல்லை, 17 ஆகும்போது மறுபடி உட்கார்ந்து பேசுவோம். அப்போது முடிவில் அவன் மனசாட்சிக்கும் பங்கு உண்டு என்பதையும் இன்றே சொல்லிவையுங்கள்.