கோப்பையில் மயிரிழை வெடிப்பா? முதலில் மண்ணை எடைபோடுங்கள்

வேதியியல் வகுப்பு மாணவர்கள் செய்த ஸ்டோன்வேர் (அதிக வெப்பத்தில் சுடும் கெட்டியான மண்பாண்ட வகை) கோப்பைகளில், சுட்டு இரண்டு வாரம் கழித்து கிளேஸில் (கண்ணாடி போன்ற மேற்பூச்சில்) மயிரிழை வெடிப்பு விழுவதாகக் கேட்டிருந்தீர்கள். தாமதமாக வருவதால் முதலில் மண்ணைச் சந்தேகப்படுங்கள். கிளேஸ் பூசாமல் சுட்ட துண்டை நன்றாக உலர்த்தி எடைபோடுங்கள். 5 மணி நேரம் நீரில் கொதிக்கவிட்டு, ஆறியதும் துடைத்து மறுபடி எடைபோடுங்கள். 3 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தால் மண் சரியாக வேகவில்லை. அது ஈரம் உறிஞ்சி மெல்ல உப்புகிறது. மேலிருக்கும் கிளேஸ் இழுபட்டு வெடிக்கிறது. மண்ணுக்குரிய கோன் (சூளையின் சூட்டு அளவு) வரை சுடுவதுதான் வழி.

மண் சரியென்றால், ஆறும்போது கிளேஸ் மண்ணைவிட அதிகமாகச் சுருங்குகிறது. பெரும்பாலும் அதில் சோடியமும் பொட்டாசியமும் மிகுந்திருக்கும். அந்தச் சுருக்கத்தைக் குறைக்க, 100 கிராம் கிளேஸ் பொடிக்கு 5, 10, 15 கிராம் சிலிக்கா (குவார்ட்ஸ் பொடி) சேர்த்து மூன்று மண் வில்லைகளில் பூசிச் சுடுங்கள். வெப்ப விரிவைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல பாடம் கிடைக்காது! சிலிக்கா கூடி மினுமினுப்பு மங்கினால் போரான் ஃபிரிட் (போரான் கலந்து உருக்கிப் பொடித்த கண்ணாடி) கொஞ்சம் சேர்க்கலாம். வில்லையில் மை தடவித் துடைத்தால் கண்ணுக்குத் தப்பிய கோடும் தெரியும்.

உலர்ந்த சிலிக்காவை மட்டும் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். என்95 முகக்கவசம் போட்டு நீங்களே தண்ணீரில் கலக்குங்கள். சிந்தியதைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.