ஸிப் செய்தும் கோப்பு சிறிதாகவில்லையே, ஏன்?

கேள்வி: ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். தவணைப் பரீட்சை வினாத்தாள்களை 600 டிபிஐ-இல் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) கலராக ஸ்கேன் பண்ணி வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஜிமெயிலில் அனுப்ப வேண்டும். மொத்தம் 120 எம்பி. ஸிப் செய்தும் 117-க்குக் கீழே இறங்கவில்லை. பாதியில் சிக்னலும் போய்விடுகிறது. அங்கிருந்து வரும் ரார் கோப்புகளை (ஸிப் போலவே இன்னொரு சுருக்க வடிவம்)த் திறக்கவும் வழியில்லை. டவுனில் 'கிரேக்', அதாவது உரிமப் பூட்டை உடைத்த மென்பொருள் போட்டுத் தருகிறார்களாம். போடலாமா?

பதில்: வேண்டாம் டீச்சர். வினாத்தாள் இருக்கும் கணினிக்குள் யார் எதைச் செருகினார் என்று தெரியாத மென்பொருளை விடவே கூடாது. இகோர் பாவ்லோவ் எழுதி 1999 முதல் இலவசமாகக் கிடைக்கும் திறமூல மென்பொருள் 7-ஸிப். பாடசாலையோ அலுவலகமோ, யாரும் காசு கட்டத் தேவையில்லை. ரார் கோப்பைத் திறக்கும். ரார் கோப்பு உருவாக்க மட்டும் அதனால் முடியாது, உங்களுக்கு அது தேவையும் இல்லை. அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது என்பதால் தவணைக்கு ஒருமுறை புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இனி 117 எம்பி விஷயம். ஸ்கேன் செய்த பக்கம் பெரும்பாலும் ஜேபெக் படமாகத்தான் பிடிஎஃப்-க்குள் உட்கார்ந்திருக்கும். ஜேபெக் ஏற்கெனவே சுருக்கப்பட்டது. பிழிந்து காயப்போட்ட துணியை மறுபடி பிழிந்தால் என்ன வரும்? எந்த மென்பொருளானாலும் இதே கதைதான். ஸ்கேனரில் 600-ஐ 200 ஆக்கி, கலரைக் கருப்பு-வெள்ளைச் சாயலுக்கு மாற்றுங்கள். புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்பதில் ஒன்றாகிவிடும், எழுத்து தெளிவாகவே இருக்கும். பாதி வேலை அங்கேயே முடிந்தது.

ஜிமெயிலில் எல்லை 25 எம்பி என்றாலும் இணைத்த கோப்பு அனுப்பப்படும்போது மூன்றில் ஒரு பங்கு பெருகும், 18-ஐத் தாண்டாதீர்கள். மழை மூட்டத்தில் அதுவும் ஏறாவிட்டால், 7-ஸிப்பில் கோப்பைச் சேர்க்கும் பெட்டியின் அடியில் துண்டுகளாகப் பிரிக்கும் கட்டம் இருக்கிறது. அதில் 4 எம்பி என்று குறியுங்கள். 001, 002 என்று முடியும் துண்டுகள் வரும். ஒவ்வொன்றையும் தனி மின்னஞ்சலில் அனுப்புங்கள். மூன்றாவது அறுந்தால் மூன்றாவதை மட்டும் மறுபடி அனுப்பினால் போதும். அங்கே எல்லாத் துண்டுகளையும் ஒரே கோப்புறையில் போட்டு 001-ஐத் திறக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் முழுதாக விரியாது. அவர்களிடமும் 7-ஸிப் இருக்க வேண்டும். இல்லையென்றால் துண்டாக்காமல் வகுப்புக்கு ஒரு சிறிய ஸிப் போடுவதுதான் நல்லது, விண்டோஸே திறந்துவிடும்.

பழைய கணினி என்றால் 7-ஸிப்பில் 'அல்ட்ரா' என்ற உச்சச் சுருக்க அளவைத் தொடாதீர்கள். நினைவகத்தை நூற்றுக்கணக்கான எம்பி விழுங்கி கணினியை முடக்கிவிடும், ஸ்கேன் கோப்பில் அதனால் மிச்சமாகும் இடமும் ஒன்றுமில்லை.

வினாத்தாள் ஆகையால், அங்கே 7-ஸிப் இருந்தால், அதன் சொந்த வடிவமான 7இஸட்-இல் கடவுச்சொல் போடுங்கள். கோப்புப் பெயர்களை மறைக்கும் கட்டத்தை மட்டும் தெரிவுசெய்யாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க முடியாத பொதியை ஜிமெயில் தடுத்துவிடும். கோப்புப் பெயரிலும் பாடத்தையும் தரத்தையும் தவிர வேறெதையும் எழுத வேண்டாம். கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்லுங்கள், அதே மின்னஞ்சலில் எழுதாதீர்கள். மறந்தால் மீட்க வழியில்லை. அசல் ஸ்கேனை அழிக்குமுன் 7-ஸிப்பில் சோதிக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.