சாப்பாடு ஆறுவதற்குள் முடியட்டும் ஜெபம்

கேள்வி: எங்கள் வீட்டில் தினமும் இரவு ஒன்பது மணிக்குக் குடும்ப ஜெபம். புத்தாண்டு அன்று என் கணவர் ஆதியாகமத்தில் தொடங்கினார். இப்போது லேவியராகமத்தில் இருக்கிறோம். ஒரு அதிகாரம் வாசித்து, விளக்கமும் அவரே சொல்வார். முக்கால் மணி நேரம் ஆகிவிடுகிறது. எட்டு வயது மகன் தூங்கி விழுகிறான். பதினான்கு வயது மகள் ஒருநாள், "எகிப்தில் செத்துப்போன தலைப்பிள்ளைகள் என்ன தப்பு செய்தார்கள்?" என்று கேட்டாள். "குதர்க்கம் பேசாதே" என்று அதட்டிவிட்டார். அன்றிலிருந்து அவள் வாயே திறப்பதில்லை. மாமியார் மட்டும் ஆமென் சொல்கிறார். என்ன செய்யலாம்?
- பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்: சகோதரி, மகன் தூங்குவதை இப்போதைக்கு விடுங்கள், அதற்குக் கடைசியில் வருகிறேன். மகள் வாயை மூடிக்கொண்டாளே, அதுதான் என்னை உறுத்துகிறது.

அவள் கேட்டது, இஸ்ரவேலரை விடுவிக்கக் கடவுள் எகிப்தியரின் மூத்த பிள்ளைகளைச் சாகடித்ததைச் சொல்லும் யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்தை வைத்து. அதே அதிகாரத்தின் 26ஆம் வசனத்தை உங்கள் கணவர் இன்னொரு முறை வாசிக்கட்டும். இந்த ஆராதனை எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள், அப்போது சொல்லுங்கள் என்கிறார் மோசே. யூதர் வீடுகளில் இன்றைக்கும், அந்த விடுதலையை நினைக்கும் பஸ்கா பண்டிகை இரவில் கடைக்குட்டி கேள்வி கேட்ட பிறகுதான் பெரியவர்கள் கதையை எடுப்பார்கள். லேவியராகமம் முடிந்து எண்ணாகமத்துக்குப் போனால் 27ஆம் அதிகாரத்தில் செலொப்பியாத்தின் ஐந்து பெண்மக்கள் வருவார்கள். ஆண்பிள்ளை இல்லை என்பதற்காக எங்கள் அப்பா பெயர் அற்றுப்போக வேண்டுமா என்று மோசேக்கு முன்பாக, சபை கூடியிருக்கிற இடத்தில் நின்று கேட்கிறார்கள். மோசே அதட்டவில்லை, கர்த்தரிடம் கொண்டுபோகிறார். அவர்கள் சொல்வது சரிதான் என்று பதில் வருகிறது, மகன் இல்லாத வீட்டில் மகளுக்குச் சொத்து என்று சட்டமே மாறுகிறது. உங்கள் மகளுக்கு அந்த ஐந்து பேரைக் கட்டாயம் பிடிக்கும்.

தலைப்பிள்ளைகள் கேள்விக்கு என்ன பதில் என்கிறீர்களா? என்னிடம் ஒரே வரியில் பதில் இல்லை. உங்கள் கணவரிடமும் இல்லை என்றுதான் நினைக்கிறேன், அதட்டியது அதனால்தான். "எனக்கும் அது கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆயரிடம் கேட்போம்" என்று அப்பா சொன்னால் மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது. "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13ஆம் சங்கீதம் கடவுளிடமே கேட்கிறது. அதை நாம் குதர்க்கம் என்று சொல்வதில்லை, ராகம் போட்டுப் பாடுகிறோம்.

சரி, வாசிப்புக்கு வருவோம். லேவியராகமம் 13ஆம் அதிகாரம் குஷ்டத்தைப் பற்றியது. மொத்தம் 59 வசனம். எட்டு வயதுப் பையன் பசியோடு உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டும் என்றால் நானும் தூங்கிவிடுவேன். என் சின்ன வயதில் அப்பா நீளமாக ஜெபிக்கும்போது சுவரில் இருக்கிற பல்லிகளை எண்ணிக்கொண்டிருப்பேன். வேதாகமத்தை வரிசையாக வாசித்து முடிக்கும் திட்டத்தைக் கணவர் தனியாக வைத்துக்கொள்ளட்டும். குடும்பத்துக்கு ரூத் புத்தகத்தை எடுங்கள். நான்கே அதிகாரம்தான். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு வசனம், அதுவும் ஆளுக்கு மூன்றாக மாற்றி மாற்றி வாசித்தால் போதும். பையன் எழுத்துக் கூட்டி வாசித்தாலும் குறுக்கே திருத்தாதீர்கள்.

ரூத் கதிர் பொறுக்கும் இரண்டாம் அதிகாரத்தில் மாமியாருக்கு வேலை இருக்கிறது. அன்று தட்டி அடித்துப் பார்த்தபோது ஏறக்குறைய ஒரு மரக்கால் வாற்கோதுமை கண்டது என்று நம் தமிழ் வேதாகமம் சொல்கிறது. மரக்கால் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. உங்கள் மாமியாருக்குத் தெரிந்திருக்கும். களத்தில் நெல் அளந்த கதை, சிந்திய கதிரைப் பொறுக்க யார் யார் வருவார்கள் என்ற கதை எல்லாம் அவரிடம் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள். 'வேண்டுமென்றே சில கதிர்களைச் சிந்திவிடுங்கள்' என்று வயலுக்குச் சொந்தக்காரர் போவாஸ் ஆட்களிடம் சொன்னதை உங்கள் கணவர் அரை மணி நேரம் விளக்குவதைவிட மாமியார் ஐந்து நிமிடத்தில் புரியவைத்துவிடுவார்.

அப்புறம் மொழி. பழைய மொழிபெயர்ப்பு மாமியாருக்கு மனப்பாடம், அது அவர் கையிலேயே இருக்கட்டும். மகள் கையில் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பைக் கொடுங்கள். ஒரே வசனம் இரண்டிலும் வேறு மாதிரி இருந்தால், ஏன் என்று அவளே கேட்பாள். வேதத்தை மாற்றுகிறார்கள் என்று கணவர் முகம் சுளித்தால் ஒன்று சொல்லுங்கள். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தமிழில் பெயர்த்த புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது 1715இல். பிறகு பப்ரிசியஸ் என்ற இன்னொரு மிஷனரி வந்து வேறொரு மொழிபெயர்ப்பு செய்தார். நாம் 'பழையது' என்று பிடித்துக்கொண்டிருப்பது அதற்கும் பின்னால், 19ஆம் நூற்றாண்டில் பவர் ஐயர் குழு திருத்தியது.

இதையெல்லாம் பிள்ளைகள் முன்னால் கணவரிடம் பேசாதீர்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து காபி குடிக்கும் நேரம் பாருங்கள். பிரசங்கத்தைக் குறையுங்கள் என்று ஆரம்பித்தால் சண்டைதான். "ஒரு வாரம் மட்டும் நீங்கள் கேள்வி கேளுங்கள், பிள்ளைகள் பதில் சொல்லட்டும்" என்று கேட்டுப் பாருங்கள். மொத்தம் இருபது நிமிடம், பாட்டோடு சேர்த்து. பாட்டை மகள் தேர்ந்தெடுக்கட்டும். பரீட்சை நாளில் ஒரு சங்கீதமும் கர்த்தருடைய ஜெபமும் போதும்.

பிள்ளைகளுக்கு வேதத்தைப் போதிக்கச் சொல்லும் உபாகமம் 6ஐக் காட்டி அவர் மறுத்தால், அந்த வசனம் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது என்பதோடு நிற்காமல் வழியில் நடக்கிறபோதும் என்கிறது. மகளை டியூஷனுக்கு ஸ்கூட்டரில் கொண்டுவிடுவது அவர்தான் என்றால், பின்சீட்டில் இருந்து வரும் கேள்விகள் ஒன்பது மணிக் கேள்விகளைவிட நன்றாக இருக்கும். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை பாருங்கள்.

இனி மகன். நேரத்தை ஏழரைக்கு மாற்றுங்கள், சாப்பாட்டுக்கு முன்னால். அப்படியும் தூங்கினால் எழுப்ப வேண்டாம். புயலில் படகின் பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்கிய இயேசுவைப் பற்றி மாற்கு 4இல் இருக்கிறது. காலையில் பல் தேய்க்கும்போது அவனுக்குச் சொல்லுங்கள்.