புதன்கிழமையே காசு தீர்ந்துவிடுகிறதா? பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஆறாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு ஞாயிறுதோறும் 100 ரூபாய் கொடுக்கிறோம். செவ்வாய்க்குள் தீர்த்துவிடுகிறாள். புதன்கிழமை அழுவாள், மனசு கேட்காமல் மறுபடி கொடுத்துவிடுவேன். போதாததற்கு என் மாமனாரும் அவள் கையில் இருபது முப்பது திணிக்கிறார். தினமும் பத்து ரூபாயாகக் கொடுத்துவிடலாமா? (மதுரை வாசகி)

வேண்டாம். தினமும் கொடுத்தால் திட்டமிடுவது நீங்கள், செலவழிப்பது மட்டும் அவள் என்றாகிவிடும். வாரக் காசாகவே இருக்கட்டும். மாற வேண்டியது அந்தப் புதன்கிழமைதான். அழுதால் கிடைக்கும் என்று தெரிந்த பிள்ளை வியாழக்கிழமைக்கு ஏன் மிச்சம் வைக்கப்போகிறது?

எது யார் செலவு என்று முதலில் அவளோடு பேசி முடிவு செய்யுங்கள். பஸ் காசு, நோட்டு, பேனா உங்களுடையது. பள்ளி விட்டதும் வாங்கும் பானிபூரி, ஸ்டிக்கர், தோழியின் பிறந்தநாளுக்குச் சின்னப் பரிசு எல்லாம் அவளுடையது. மதியச் சாப்பாட்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் இந்தக் காசில் சேர்க்காதீர்கள். பிள்ளை பசியோடு இருக்காது என்ற நிம்மதி இருந்தால்தான் உங்களால் புதன்கிழமை "ஞாயிற்றுக்கிழமை தர்றேன்மா" என்று கோபமில்லாமல் சொல்ல முடியும். இரண்டு மூன்று வாரம் கஷ்டமாக இருக்கும். தாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, அவள் எதை வாங்கினாலும் "இதுக்கா காசைக் கரியாக்கினே?" என்று கேட்காதீர்கள். ஒன்றுக்கும் உதவாத பொருளை வாங்கிவிட்டு அவளே வருந்தட்டும். முப்பது ரூபாயில் அந்த வருத்தம் வந்து போவது நல்லது.

தாத்தாவைத் தடுக்க வேண்டாம், அவருக்கும் ஆசை இருக்கும். அவர் கொடுப்பதையும் ஞாயிற்றுக்கிழமையே எல்லோருக்கும் தெரியக் கொடுக்கச் சொல்லுங்கள்.

வீட்டு வேலைக்கும் நல்ல மார்க்குக்கும் காசு கேட்கிறான் மகன். தரலாமா?

தட்டுக் கழுவுவதும் தண்ணீர் பிடிப்பதும் வீட்டில் இருக்கும் எல்லோருடைய வேலை, அதற்குக் கூலி கிடையாது. பரணைச் சுத்தம் செய்வது, வண்டி கழுவுவது மாதிரி கூடுதல் வேலைக்கு வேண்டுமானால் தரலாம். மார்க்குக்குக் கூடவே கூடாது.

எட்டாம் வகுப்புப் பையன் என் போனில் கேம் விளையாடி 1,200 ரூபாய் செலவழித்துவிட்டான். அடிக்கவும் மனசில்லை, விடவும் மனசில்லை.

அடிக்க வேண்டாம். யுபிஐ பின் அவனுக்குத் தெரிந்திருந்தால் இன்றே மாற்றுங்கள். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸில் வையுங்கள். வாங்கி 48 மணி நேரம் ஆகவில்லை என்றால் அங்கேயே பணத்தைத் திரும்பக் கேட்டுப் பாருங்கள். கிடைக்கவில்லையா, அவனுடைய வாரக் காசில் பாதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். முழுவதையும் பிடித்தால் மறுபடி உங்கள் போனைத்தான் தேடுவான். எவ்வளவு அடைந்தது, எவ்வளவு பாக்கி என்று ஒரு தாளில் அவனே எழுதி வரட்டும். அப்புறம், அது பணம் கட்டி ஆடி ஜெயிக்கிற வகை விளையாட்டா என்றும் பாருங்கள். அந்த வகையை 2025-இல் வந்த மத்திய அரசுச் சட்டம் பெரியவர்களுக்கும் சேர்த்தே தடை செய்திருக்கிறது.

பதினொரு வயதில் பேங்க் கணக்கு தொடங்கலாமா?

தாராளமாக. 10 வயது நிரம்பிய பிள்ளைகள் தங்கள் கணக்கைத் தாங்களே இயக்க வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வரம்புகள் வங்கிக்கு வங்கி மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். தபால் நிலையத்திலும் 10 வயதுக்கு மேல் சொந்தப் பெயரில் தொடங்கலாம், 500 ரூபாய் போதும். ஏடிஎம் கார்டுக்கு அவசரப்படாதீர்கள். பொங்கலுக்குச் சேர்ந்த காசோடு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள், பணம் கட்டும் சலானை அதுவே எழுதட்டும்.