ரெண்டாம் உலகப்போர்ல நாஜிங்களை எதிர்த்து நார்வே மக்கள் நடத்துன போராட்டத்தோட, நார்ஸ் புராணத்தை (வட ஐரோப்பாவோட பழைய தெய்வக் கதைகளை) கலந்து ஃபேன்டசி நாவல் எழுதுனா ஒட்டுமா?

நல்லாவே ஒட்டும்ங்க, ஏன்னா நாஜிங்க ஏற்கனவே ரூன்ங்கிற அந்தப் பழைய வட ஐரோப்பிய எழுத்தைத் தூக்கிட்டுப் போய் ஹிட்லரோட எஸ்எஸ் படைக்குச் சின்னமாவே போட்டுக்கிட்டாங்க, அதைத் திரும்பப் பிடுங்குறதே உங்க கதை ஆயிடும். 1940 ஏப்ரல்ல ஜெர்மனி உள்ள வந்தப்புறம் நார்வே ஸ்டூடன்ட்ஸ் கோட்டுல பேப்பர் கிளிப் குத்திக்கிட்டாங்க, நாம ஒண்ணா இருக்கோம்னு அர்த்தம், அதுக்கும் தடை போட்டாங்க. புராணத்துல ஃபென்ரிர் ஓநாய் எவ்ளோ பெரிய சங்கிலியா இருந்தாலும் அறுத்துடும், கடைசியில அதைக் கட்டிப்போட்டது பூனையோட காலடிச் சத்தம், மீனோட மூச்சு, மலையோட வேருன்னு சேர்த்துச் செஞ்ச பட்டு மாதிரி மெல்லிசான கயிறு. எனக்கு அந்தக் கிளிப்பும் இந்தக் கயிறும் ஒண்ணாத்தான் தெரியுது. ஆனா 1943 பிப்ரவரியில நார்வேயில இருந்த வெமோர்க் கனநீர் ஆலைக்கு (கனநீர்னா அணு ஆராய்ச்சிக்கு ஜெர்மனிக்குத் தேவைப்பட்ட ஒரு தனி வகைத் தண்ணி) குண்டு வச்சது மனுஷங்க, அந்தப் பெருமையை மட்டும் தெய்வங்களுக்குக் குடுத்துடாதீங்க.